இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

வடசேரி பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன்,
முன்னூற்று ஐம்பது ரூபாய், பேரம் கிடையாது.
அட்டையில் கைகட்டிச் சிரிக்கிறார்
பதினோரு நாட்டில் கிடங்கு வைத்திருக்கும் முதலாளி.
எனக்கு இருப்பது குளச்சலில் ஓர் ஐஸ் கம்பெனி,
இருநூறு கேன், வயசான கம்பிரசர்,
அமோனியா வாடை போகாத ஆறு சேலை.

உன் தொழிற்சாலையைக் காலால் தெரிந்துகொள் என்கிறார்.
நடந்தேன்.
உப்புத்தண்ணித் தொட்டியைச் சுற்றி எண்பது எட்டு,
அரவை மெஷின் வரை இன்னும் பன்னிரண்டு.
ததேயுஸ் கொக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:
"எதையும் தொலைச்சிட்டீளா அக்கா?"

ஆண்டுதோறும் கடைசிப் பத்து சதவீதம் ஆட்களைக் கழி என்கிறார்.
இங்கே ஆள் நாலு பேர்.
பத்து சதவீதத்துக்கு ஒருத்தனின் இரண்டு கையும்
கொஞ்சம் தோளும் வரும்.

சரக்கு தேங்கக் கூடாதாம்.
அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
விற்காத என் சரக்கு
ராத்திரியோடு ராத்திரியாக ஓடை வழியே இறங்கி
கடலுக்குப் போய்விடும், ரசீது கூட வைக்காமல்.

ஆனால் ஒன்று பலித்தது, சொல்லாமல் இருக்கக் கூடாது.
தினம் மூன்று எண்ணைச் சுவரில் எழுது என்றார்.
கரண்ட் யூனிட், எடுத்த பார், விற்ற பார்
என்று கரியால் எழுதினேன்.
ஒன்பதாம் நாள் யூனிட் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.
தேடிப் போனால்,
தொட்டி மூடும் பலகையில் இரண்டு உளுத்து
குளிர் அத்தனையும் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது.
பதினாறு வருஷம் நான் மின்வாரியத்தைத் திட்டியது
அந்த இரண்டு பலகைக்காக.
அந்த மாச பில்லில் நாலாயிரம் குறைந்தது.
அன்றிலிருந்து அவர் சொன்னது எனக்கு வேதம்.

அதனால்தான் அந்தப் போர்டும் வைத்தேன்.
'கடன் என்பது அடுத்தவன் பையில் கிடக்கும் உன் பணம்'
என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.
நான் சுருக்கி எழுதினேன்: கடன் இல்லை.

ஆவணியில் ஒருநாள், விடியும் முன்னே
பனிபிச்சையின் வள்ளம் சாளையால் தாழ்ந்து வந்தது.
முப்பது பார் வேணும்.
பழைய பாக்கி பதினோராயிரத்து நானூறு.
போர்டை எழுத்துக் கூட்டி வாசித்தார்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் கஷ்டம்.
வேறெங்கோ ஐஸுக்குச் சொன்னார், வண்டி வர பத்து மணி,
அதற்குள் சாளை வயிறு பொட்டிப்போய்
கோழித்தீவனக் கம்பெனி விலைக்குப் போயிற்று.
அன்று என்னிடம் மிஞ்சிய ஐஸ் நாற்பத்தொரு பார்.
சுவரில் எழுதினேன், கணக்குப் பிசகவில்லை.

அன்று ராத்திரிதான் அந்தப் பக்கம் வந்தது.
தொழில் தொடங்கிய முதல் வருஷம்,
கையில் சல்லிக்காசு இல்லாத நேரம்,
மொத்த வியாபாரி ஒருவர் மூன்று மாசம் கடனுக்குச் சரக்கு தந்தாராம்.
'அவர் பெயர் இப்போது நினைவில் இல்லை.'
ஒரே வரி. அடுத்த பத்தியில் விமானத்தில் ஏறிவிட்டார்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மந்திரிகளுக்குப் பெயர் இருக்கிறது.
கோல்ப் ஆடிய கூட்டாளிகளுக்கு இருக்கிறது.
அவர் வளர்த்த இரண்டு நாய்க்கும் இருக்கிறது.

பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்:
விசாரித்திருக்கலாமே.

என் பற்று நோட்டை எடுத்தேன்.
தண்ணி பட்டுத் தொகை சில இடத்தில் கலங்கியிருக்கிறது.
பெயர் ஒன்றும் அழியவில்லை,
சிலுவையம்மை, மரிய அற்புதம், ராயப்பன்,
கடலில் போய்த் திரும்பாத வேதமுத்து,
இன்னும் கோடு போட்டு அடிக்காத அவன் பாக்கி எழுநூறு.

போர்டை எறியவில்லை.
திருப்பி, பின்பக்கம் எழுதித் தொங்கவிட்டேன்:
கடன் பதினைந்து நாள்.

மறுவாரம் பனிபிச்சை வந்து நின்று
பழையபடி எழுத்துக் கூட்டினார்.
"இருவதுன்னு போடும்."
முதலாளியாக இருந்தால் என்ன சொல்வார்?
யோசிக்கவே இல்லை.
"பதினெட்டு" என்றேன்.
ததேயுஸ் அதற்குள் முதல் பாரை இழுத்திருந்தான்.